தீம் பார்க் போகிறோம், எந்த லாட்ஜில் தங்குவது?



முழுப் பரீட்சை முடிந்த அன்றே பிள்ளைகள் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். "இந்த லீவுக்கு எங்கேம்மா கூட்டிட்டுப் போறீங்க?" முன்பெல்லாம் பாட்டி வீடு, குலதெய்வம் கோயில் என்று சொல்லிச் சமாளித்துவிடுவோம். இப்போது டிவியில் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கிற பிள்ளை சொல்லிவிட்டு, தண்ணீர் விளையாட்டு உள்ள தீம் பார்க்தான் வேண்டும் என்கிறார்கள். நமக்கும் ஆசைதான், இல்லையா?

நம் குழுக்களில் பல குடும்பங்கள் இப்படிப் போய் வந்துவிட்டன. கேட்டால் பார்க் டிக்கெட் எவ்வளவு, ரயில் டிக்கெட் எவ்வளவு என்று பைசா சுத்தமாகச் சொல்கிறார்கள். தங்கிய இடத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அங்க போய்ப் பார்த்துக்கலாம்னு போனோம், கிடைச்ச இடத்துல தங்கினோம்" என்பதுதான் பதில். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் இரண்டு பையோடு ராத்திரி ஒன்பது மணிக்கு லாட்ஜ் வாசலில் நிற்கிறவரிடம் என்ன வாடகை சொன்னாலும் கொடுத்துத்தானே ஆகவேண்டும்? சந்தையில் ஒரு கிலோ கத்தரிக்காய்க்கு நாலு கடை ஏறி இறங்குகிற நாம், ஆயிரக்கணக்கில் கொடுக்கிற அறையை நாலு கேள்விகூடக் கேட்காமல் எடுக்கிறோம். அதனால் இந்த மாதப் பாடத்துக்கு லாட்ஜ் பார்க்கும் விஷயத்தை எடுத்துக்கொண்டோம். ஊக்குநர்கள் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள்.

பொதுவாகப் பேசினால் மனசில் நிற்காது. ஓர் ஊரை வைத்தே பார்ப்போம். கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையத்தில், ஊட்டி போகிற சாலையில், மலை அடிவாரத்தில் பிளாக் தண்டர் என்ற தண்ணீர் பார்க் இருக்கிறது. பல மாவட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் வருகிற இடம். வேலூர் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் அங்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, பதிமூன்று வயதில் பெண், ஆறு வயதில் பையன், கூடவே மாமியார். ஆக ஐந்து பேர்.

சென்னையிலிருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் நீலகிரி எக்ஸ்பிரஸ் போகிறது. ராத்திரி காட்பாடியில் ஏறிப் படுத்தால் காலை ஆறு மணி வாக்கில் மேட்டுப்பாளையத்தில் இறங்கலாம். அதே வண்டி அன்று இரவு ஒன்பது மணிக்கு மேல் திரும்பக் கிளம்புகிறது. பார்க் காலை பத்து மணி வாக்கில் திறந்து, மாலை ஐந்தரை ஆறு மணிக்கு மூடுவது வழக்கம். (சீசனுக்குத் தகுந்தபடி நேரம் மாறும். போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.) இந்த நாலு நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: இறங்கும் நேரம், பார்க் திறக்கும் நேரம், மூடும் நேரம், திரும்ப ஏறும் நேரம். லாட்ஜைத் தேட வேண்டியது இந்தத் தாளை வைத்துத்தான். அறை வாடகை எவ்வளவு என்பது அதற்கு அடுத்த கேள்வி.

ஏன் என்று கேட்பீர்கள். லாட்ஜ்களில் நாள் கணக்கு இரண்டு விதமாக ஓடுகிறது. ஒன்று, இருபத்து நாலு மணி நேரக் கணக்கு. காலை ஆறரைக்குச் சாவி வாங்கினால் மறுநாள் காலை ஆறரை வரை ஒரு நாள் வாடகை. நம் ஊர்ப்பக்கத்துச் சின்ன லாட்ஜ்கள் பலவற்றில் இந்த வழக்கம் உண்டு. இன்னொன்று, பகல் பன்னிரண்டு மணிக் கணக்கு. நீங்கள் எப்போது நுழைந்தாலும் பன்னிரண்டு அடித்தால் ஒரு நாள் முடிந்தது. பெரிய ஹோட்டல்கள் பெரும்பாலும் இப்படித்தான். சில இடங்களில் பதினோரு மணிக்கே காலி செய்யச் சொல்வார்கள், புதிதாக வருகிறவர்களுக்கு மதியம் ஒரு மணி, இரண்டு மணிக்குத்தான் அறை தருவார்கள்.

நம் குடும்பம் காலை ஆறரைக்குப் பன்னிரண்டு மணிக் கணக்குள்ள இடத்தில் போய் நின்றால் என்ன ஆகும்? "ரூம் இருக்கு, ஆனா பன்னெண்டு மணிக்கு நாள் மாறிடும்" என்பார்கள். குளித்து, டிபன் சாப்பிட்டு ஒன்பதரைக்குப் பார்க்குக்குப் போய், ஆறு மணிக்குத் திரும்பி வந்தால் இரண்டாவது நாள் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பகலுக்கு இரண்டு நாள் வாடகை! சில இடங்களில் சீக்கிரம் வந்ததற்கு அரை நாள் வாடகை வாங்கிக்கொள்வார்கள். அதுவும் கேட்டால்தான் தெரியும்.

மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர், ஊட்டி மூன்றில் எங்கே தங்குவது என்பது அடுத்த விஷயம். பார்க்குக்குள்ளேயே விடுதியும் இருக்கிறது.

ஊட்டியில் தங்கிக்கொண்டு, போகும்போதோ வரும்போதோ பார்க்கைப் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு நாங்கள் இதைச் சொல்ல மாட்டோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டி ஐம்பது கிலோமீட்டர் அளவு தூரம், கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதை. நாள் முழுக்கத் தண்ணீரில் ஆடிவிட்டு, ஈரத் தலையோடு, வயிறு நிறையச் சாப்பிட்ட பிள்ளையைச் சாயங்காலம் அந்த வளைவுகளில் ஏற்றினால் பாதி வழியில் வாந்தி, மேலே போனால் குளிர், மறுநாள் காய்ச்சல். ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டி வாடகையும் கையைச் சுடும். சொந்த வண்டியோ வாடகை வேனோ எடுத்துப் போகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 மே மாதம் முதல் நீலகிரி மாவட்டத்துக்குள் போகிற வெளி மாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசு பஸ்ஸில் போனால் அது தேவையில்லை. ஊட்டி பார்க்க வேண்டுமென்றால் அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூரில் லாட்ஜ்கள் அதிகம், குறைந்த வாடகையிலும் கிடைக்கும். ஆனால் அங்கிருந்து மேட்டுப்பாளையம் முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். ரயில் நிலையத்துப் பக்கம் தங்கினால், மேட்டுப்பாளையம் பஸ் கிளம்புகிற நிலையத்துக்கே ஆட்டோ பிடிக்க வேண்டும். இதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கீழே உள்ள தொகைகள் கணக்குக் காட்டுவதற்காக நாங்கள் எடுத்துக்கொண்டவை. நீங்கள் விசாரித்த தொகையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூர் லாட்ஜ்: அறை 1,100 ரூபாய், கூடுதல் மெத்தை 200, ஆக 1,300. வரி 5 சதவீதம் 65. மொத்தம் 1,365. பஸ் நிலையத்துக்குப் போக வர ஆட்டோ 300. பஸ் ஐந்து பேருக்குப் போக வர 300. மேட்டுப்பாளையத்தில் இறங்கிப் பார்க்குக்குப் போக வர ஆட்டோ 200. கூட்டினால் 2,165 ரூபாய்.

மேட்டுப்பாளையம் லாட்ஜ், இருபத்து நாலு மணி நேரக் கணக்கு: அறை 1,500, கூடுதல் மெத்தை 300, ஆக 1,800. வரி 90. மொத்தம் 1,890. பார்க்குக்குப் போக வர ஆட்டோ 200. கூட்டினால் 2,090 ரூபாய்.

அறை வாடகை 400 ரூபாய் அதிகமாக இருக்கிற இடம், கடைசியில் 75 ரூபாய் குறைவாக முடிகிறது. பணத்தை விடுங்கள். கோயம்புத்தூரிலிருந்து போய் வர, காத்திருக்கிற நேரமும் சேர்த்து மூன்று மணி நேரம் போய்விடும். பார்க் டிக்கெட்டுக்கு ஐந்து பேருக்கும் பணம் கட்டிவிட்டு அந்த மூன்று மணி நேரத்தை ரோட்டில் செலவழிக்கலாமா?

அதே மேட்டுப்பாளையம் லாட்ஜில் பன்னிரண்டு மணிக் கணக்கு என்றால்? இரண்டு நாள் வாடகை 3,780, ஆட்டோ 200, ஆக 3,980 ரூபாய். ஒரே அறை, ஒரே கட்டில். நாள் கணக்கைக் கேட்காமல் விட்டதற்காக மட்டும் 1,890 ரூபாய் கூடுதல். ஒரு குழுவில் பத்தொன்பது பேர் வாரம் 100 ரூபாய் சேமித்தால் ஒரு வாரத்தில் சேர்கிற தொகை கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

பார்க்கின் சொந்த விடுதியை, "அது பணக்காரங்களுக்கு" என்று கேட்காமலே ஒதுக்கிவிடாதீர்கள். பார்க்குகளின் விடுதிகளில் அறையோடு நுழைவுச் சீட்டும் காலை டிபனும் சேர்த்துத் தருகிற திட்டம் வைப்பதுண்டு. பெங்களூரு பக்கம் பிடதியில் உள்ள வொண்டர்லாவிலும் இப்படிச் சொந்த விடுதி இருக்கிறது. கேட்க வேண்டியது இதுதான்: இந்தத் தொகையில் எத்தனை பேருக்கு டிக்கெட் சேர்த்தி, ஒரு நாளைக்கா இரண்டு நாளைக்கா, எந்தெந்த வேளைச் சாப்பாடு? அந்தத் தொகையிலிருந்து ஐந்து டிக்கெட் காசைக் கழித்துப் பாருங்கள். மிச்சம் வருவதுதான் உண்மையான அறை வாடகை. பெரும்பாலும் அது வெளியே இருப்பதைவிட அதிகமாகத்தான் வரும். கைக்குழந்தை இருக்கிறவர்களுக்கும், மூட்டு வலியோடு வருகிற பெரியவர்களுக்கும் அந்த அதிகம் நியாயமாக இருக்கலாம். மதியம் அறைக்குப் போய் ஒரு மணி நேரம் படுத்துவிட்டு வரலாம் அல்லவா? வெளி லாட்ஜில் தங்கினால் அது முடியாமல் போகலாம். பல பார்க்குகளில் ஒருமுறை வெளியே வந்துவிட்டால் அதே டிக்கெட்டில் மறுபடி உள்ளே விடுவதில்லை. "பக்கத்துலதானே லாட்ஜ், அத்தையை மத்தியானம் கொண்டுபோய் விட்டுட்டு வந்துடலாம்" என்று திட்டம் போடுகிறவர்கள் இதை முதலில் விசாரியுங்கள்.

இனி போனில் பேசும் விதம். நம்மில் பலருக்கு வங்கி மேலாளரிடம் பேசத் தயக்கம் போய்விட்டது. லாட்ஜ் மேனேஜரிடம் பேசத்தான் இன்னும் கூச்சம். வீட்டுக்காரரிடம் போனைக் கொடுத்துவிடுகிறோம். அவரோ "ரூம் இருக்கா? எவ்வளவு? சரி" என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுகிறார். இப்படிப் பேசிப் பாருங்கள்:

"வணக்கம்ங்க. வேலூர் பக்கத்துல இருந்து பேசறோம். வர்ற பதினெட்டாம் தேதி, புதன்கிழமை, ரூம் வேணும். பெரியவங்க மூணு பேரு, பதிமூணு வயசுப் பொண்ணு, ஆறு வயசுப் பையன்."

"இருக்குதுங்க. டபுள் ரூம் ஆயிரத்து ஐநூறு."

"செக்-அவுட் எப்படிங்க? இருபத்திநாலு மணி நேரமா, பன்னெண்டு மணியா?"

"இருபத்திநாலு மணி நேரம்தானுங்க."

"நாங்க காலைல ஆறரைக்கே வந்துடுவோம். அப்பவே ரூம் கிடைக்குமா?"

"ராத்திரி இருக்கறவங்க காலி பண்ணோணும்ங்க. ஏழு, ஏழரை ஆகும்."

"அப்போ எங்க நேரம் சாவி வாங்கறதுல இருந்துதானே ஆரம்பிக்கும்?"

"ஆமாங்க."

"அஞ்சு பேரும் ஒரே ரூம்ல இருந்துக்குவோம். எக்ஸ்ட்ரா மெத்தை எத்தனை, எவ்வளவு?"

"ஒண்ணு முந்நூறுங்க. சின்னப் பையனுக்கு வேண்டியதில்லை."

"வரியோட சேர்த்து மொத்தமா சொல்லிடுங்க."

"ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூறுங்க."

"சாயந்திரம் ஆறு மணிக்கு மேல வெந்நீர் வருமா?"

"பைப்புல காலைல மட்டும்தான்ங்க. சொன்னீங்கன்னா பக்கெட்ல குடுத்துடுவோம்."

"சரிங்க. உங்க பேரு என்னங்க? இந்த நம்பருக்கே இதையெல்லாம் மெசேஜ் போட்டுடறேன். சரின்னு ஒரு பதில் மட்டும் போட்டுடுங்க."

வெந்நீர்க் கேள்வி முக்கியமானது. கோயிலுக்குப் போனால் காலையில் வெந்நீர் வந்தால் போதும். தண்ணீர் பார்க்கிலிருந்து வருகிற பிள்ளைக்குச் சாயங்காலம்தான் வேண்டும். பார்க் தண்ணீரில் குளோரின் கலந்திருக்கும். நல்ல தண்ணீரில் குளிக்காவிட்டால் தோல் அரிக்கும், தலைமுடி சிக்குப் பிடிக்கும். அதோடு ஐந்து பேரின் ஈரத்துணி இருக்கிறது. கொடி கட்ட இடமோ மொட்டை மாடியோ உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் மறுநாள் ரயிலில் ஈரத்துணி மூட்டையோடுதான் பயணம். துணி என்றதும் ஒரு சேதி: சேலை, நைட்டி, துப்பட்டாவோடு தண்ணீர் விளையாட்டுகளில் பல பார்க்குகள் விடுவதில்லை. துணி சறுக்குப் பாதையில் மாட்டிக்கொள்ளும் என்பதால் வந்த விதி இது. நைலான், பாலியஸ்டர் உடைதான் வேண்டும் என்பார்கள். உள்ளே வாடகைக்கும் கிடைக்கும். என்ன உடை அனுமதி என்பதை முன்னாலேயே கேட்டு ஊரிலேயே வாங்கிக்கொள்வது நல்லது. கரையில் உட்கார்ந்து எல்லோருடைய செருப்புக்கும் காவல் இருப்பதற்கா டிக்கெட் வாங்கினோம்?

ஆண்கள் இல்லாமல் பெண்களும் பிள்ளைகளும் மட்டும் போகிற குழுக்கள் இருக்கின்றன. கணவர் வெளிநாட்டில் வேலையில் இருக்கலாம், இல்லாமல் போயிருக்கலாம், அல்லது "நீங்க போய்ட்டு வாங்க" என்றிருக்கலாம். சில லாட்ஜ்களில், "கூட ஆம்பளைங்க யாரும் வரலையா?" என்று இழுப்பார்கள். பெண்கள் மட்டும் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் கிடையாது. அடையாள அட்டையைக் காட்டினால் அறை தரலாம். ஆனாலும் ராத்திரியில் வாசலில் நின்று சட்டம் பேச முடியாது. அதனால் முன்பதிவு செய்யும்போதே, "நாங்க பெண்கள் ஆறு பேரு, குழந்தைங்க நாலு பேரு, ஆம்பளைங்க வரலை" என்று சொல்லிவிடுங்கள். தயங்குகிற இடம் நமக்கு வேண்டாம். தெளிவாகச் சரி என்கிற இடம் கிடைக்கும் வரை தேடுங்கள். பக்கத்துப் பக்கத்து அறைகளாகக் கேளுங்கள். ஒன்று மாடியில், ஒன்று கீழே என்றால் ராத்திரி யாருக்கும் தூக்கம் வராது.

அறைக்குப் போனதும் பையை இறக்குவதற்கு முன்னால் கதவின் உள்தாழ்ப்பாள் விழுகிறதா, குளியலறை ஜன்னல் எங்கே திறக்கிறது, கழிப்பறை மாமியாருக்குத் தோதானதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். சுவரில், விளக்கில், கண்ணாடிப் பக்கம் காரணமில்லாத சின்ன ஓட்டையோ கறுப்புப் புள்ளியோ தெரிந்தால் வேறு அறை கேளுங்கள். பிடிக்காவிட்டால் மாற்றித் தரச் சொல்வது தப்பில்லை. பணம் கட்டி ரசீது போட்ட பிறகு சொன்னால்தான் முகம் சுளிப்பார்கள். மாடிப்படி எந்தப் பக்கம் என்பதைப் பிள்ளைகளுக்கும் காட்டிவிடுங்கள். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098 ஆகிய எண்கள் போனில் இருக்கட்டும்.

பெரியவர்கள் எல்லோருடைய அசல் அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். ஆதார் நகல் கேட்டால் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கலாம். அதில் முதல் எட்டு எண்கள் மறைந்து கடைசி நாலு எண்கள் மட்டும் தெரியும். ஆதார் இணையதளத்தில் எடுக்கலாம். இ-சேவை மையத்தில் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள்.

முன்பணம் அனுப்பும் விஷயத்தில் கவனம் வேண்டும். போனில் லாட்ஜ் பெயரைத் தேடினால் வருகிற எண்கள் எல்லாம் அந்த லாட்ஜின் எண்கள் என்று நம்பாதீர்கள். ஹோட்டல் பெயரில் பொய்யான எண்ணைப் போட்டு, முன்பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்துபோகிற கும்பல்கள் இருக்கின்றன. "சீசன் டைம், பத்து நிமிஷத்துல முழுப் பணமும் போடுங்க, இல்லாட்டி ரூம் போயிடும்" என்று அவசரப்படுத்தினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தங்கிவிட்டு வந்தவர்களிடம் எண் வாங்குவதுதான் நல்ல வழி. நம் கூட்டமைப்பில் எந்த ஊருக்குப் போய் வந்தவர்களும் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் முன்பணம், மீதி அங்கே வந்து என்பதற்கு ஒப்புக்கொள்கிற இடம்தான் நமக்குச் சரி. பயணம் ரத்தானால் முன்பணம் திரும்ப வருமா, எத்தனை நாளுக்கு முன்னால் சொல்ல வேண்டும் என்பதையும் கேளுங்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம், கியூ ஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்று யாராவது சொன்னால், அது திருட்டு. நமக்குப் பணம் வருவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் வீட்டில் திட்டுவார்கள் என்று மறைக்காமல் உடனே 1930 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வழி உண்டு.

எந்த நாளில் போவது என்பதையும் நாமே முடிவு செய்யலாம். சனி, ஞாயிறு வேண்டாம். கோடையில் ஊட்டிக்குப் போகிற வண்டிகள் பலவும் மேட்டுப்பாளையத்தைத் தாண்டித்தான் போகும். விடுமுறை நாள் காலையில் சாலை நெரியும், லாட்ஜ்களும் நிரம்பியிருக்கும். செவ்வாய், புதன், வியாழனில் வாடகையைக் குறைத்துக் கேட்கவும் வாய் வரும். ரயிலில் அறுபது நாள் முன்னால்தான் முன்பதிவு ஆரம்பிக்கும். (2024 நவம்பர் வரை 120 நாளாக இருந்தது.) டிக்கெட் கிடைத்த பிறகு லாட்ஜைப் பேசுங்கள், முன்னால் வேண்டாம்.

ராத்திரி தங்காமலே அதே நாள் ரயிலில் திரும்பிவிட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். முடியும். அறையைப் பகலுக்கு மட்டும் வைத்துக்கொண்டு குளிக்க, பை வைக்க, ஈர உடை மாற்றப் பயன்படுத்திவிட்டு ஒன்பது மணி வண்டியைப் பிடிக்கலாம். இருபத்து நாலு மணி நேரக் கணக்கில் வாடகை அதேதான். ஆனால் தொடர்ந்து இரண்டு ராத்திரி ரயிலில், நடுவில் ஒரு பகல் முழுக்கத் தண்ணீரில் என்றால் உடம்பு கேட்காது. ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் காலை நிதானமாக எழுந்து, பவானி ஆற்றங்கரையில் தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு இரவு வண்டி ஏறுவதுதான் எங்களுக்குப் பிடித்த வழி. மாமியாருக்கும் வந்ததற்கு ஒரு திருப்தி இருக்கும். காலை ஏழரைக்குச் சாவியைக் கொடுத்துவிட்டால் சாயங்காலம் வரை பைகளை ரிசப்ஷனில் வைத்திருப்பார்களா என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டவ் விஷயத்துக்கு வருவோம். நம்மவர்கள் டூர் என்றாலே கேஸ் ஸ்டவ், குக்கர், அரிசி மூட்டை என்று கிளம்புகிறார்கள். "சமைக்கிறதுக்கு இடம் இருக்கா?" என்பதே லாட்ஜில் கேட்கிற முதல் கேள்வியாக இருக்கிறது. அறைக்குள் சமைக்க லாட்ஜ்கள் விடுவதில்லை. மூடிய அறையில் கேஸ் பற்ற வைப்பது ஆபத்து. ரயிலில் கேஸ் சிலிண்டர், ஸ்டவ் கொண்டுபோவதும் குற்றம். அதற்கும் மேலே ஒன்று கேட்கிறோம். வருடத்தில் 363 நாள் அடுப்படியில் நிற்கிறோம். மிச்சம் உள்ள இரண்டு நாளையும் மேட்டுப்பாளையத்தில் அடுப்புப் பற்ற வைத்தே கழிக்க வேண்டுமா? புளிசாதமும் சப்பாத்தியும் முதல் வேளைக்குக் கட்டிக்கொள்ளுங்கள், போதும். பார்க்குக்குள் வெளிச் சாப்பாடு பெரும்பாலும் அனுமதி இல்லை. அதனால் லாட்ஜ் பக்கத்தில் காலை ஏழு மணிக்கே திறக்கிற நல்ல மெஸ் இருக்கிறதா என்று பார்ப்பது, சமையல் இடம் தேடுவதைவிடப் பயனுள்ளது. காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனால் உள்ளே ஒரு வேளைச் செலவுதான். இந்த டிபன் செலவைக் கணக்கில் எழுதும்போது "வீண் செலவு" என்று வீட்டில் யாராவது சொன்னால், வருடம் முழுக்கச் சமைத்த கூலியில் இதைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பணம் எங்கிருந்து வரும்? குழுவில் தொழிலுக்கு வாங்கிய கடனிலிருந்து ஒரு ரூபாயும் வேண்டாம். ஜூன் மாதமே தொடங்கி, மாதம் 700 ரூபாய் தனியாகப் போட்டு வந்தால் ஏப்ரலுக்குள் பதினொரு மாதத்தில் 7,700 ரூபாய். கோடையில் போக நினைப்பவர்கள் இந்த ஜூனிலேயே பேசி முடிவெடுங்கள்.

புறப்படும்போது பில்லை வாங்காமல் வராதீர்கள். 7,500 ரூபாய் வரை வாடகை உள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதற்கு முன் 12 சதவீதமாக இருந்தது. பழைய கணக்கிலேயே 12 போட்டிருந்தால் சுட்டிக்காட்டுங்கள். வரி வாங்கினால் பில்லில் அவர்களுடைய ஜி.எஸ்.டி. எண் அச்சாகியிருக்க வேண்டும். பதிவு செய்யாத சின்ன லாட்ஜ் வரி என்று வாங்கக் கூடாது. சாப்பாட்டு பில்லில் "சர்வீஸ் சார்ஜ்" என்று தாங்களாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது, 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது. "இதை எடுத்துடுங்க" என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் தண்ணீர் பாட்டில் விஷயம் வேறு. ஹோட்டலில் உட்கார வைத்துப் பரிமாறும்போது அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது தப்பில்லை என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே பாட்டிலை வெளிக்கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். பில்லில் தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம்.

கூட்டத்தில் செய்ய ஒரு பயிற்சி. இரண்டு பேர் எழுந்து, ஒருவர் லாட்ஜ் மேனேஜராகவும் ஒருவர் நம் உறுப்பினராகவும் பேசிக் காட்டுங்கள். மேனேஜர் வேண்டுமென்றே வரியையும் செக்-அவுட் நேரத்தையும் சொல்லாமல் மறைக்கட்டும். எத்தனை கேள்வியில் அதை வெளியே கொண்டுவருகிறார்கள் என்று மற்றவர்கள் எண்ணுங்கள். மேட்டுப்பாளையமோ வேறு ஊரோ போய்த் தங்கி வந்த உறுப்பினர்கள், லாட்ஜின் நாள் கணக்கு, மொத்தம் கொடுத்த பணம், சாயங்காலம் வெந்நீர் வந்ததா, பெண்கள் மட்டும் போனால் அறை கொடுத்தார்களா என்ற நாலையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுங்கள். ஊர் வாரியாகப் பிரித்து ஒரு நோட்டில் ஒட்டி வைக்கிறோம். போகிறவர்கள் வந்து பார்த்து எண் எடுத்துக்கொள்ளலாம்.